எங்கள் பள்ளிகளுக்காக மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க் வரை துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். 2024 ஜூலை 11 ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆளுநர் ஜாஷ் ஷபிரோ, போதிய நிதி இல்லாத பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் ஒதுக்கும் 2024-25 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் கையெழுத்திட்டார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் பெற்றோர் குழுவில் பலரால் பேசக்கூட முடியவில்லை. எங்கள் ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் எந்த நிலையில் இருந்தது, இந்த வசந்த காலத்தில் எந்தெந்தப் பணியிடங்களின் பெயர்கள் நீக்கப் பட்டியலில் இருந்தன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. அவற்றை மறுபடி விவரிக்கப் போவதில்லை. மனம் இன்னும் ஆறாத நிலையிலேயே, நன்றியைத் தள்ளிப்போடக் கூடாது என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, நாங்கள் நேரில் அதிகம் பழகியிராதவர்களுக்கு உரியது. 2014 நவம்பரில் வில்லியம் பென், பாந்தர் வேலி, லங்காஸ்டர், கிரேட்டர் ஜான்ஸ்டவுன், வில்க்ஸ்-பாரி, ஷெனாண்டோவா வேலி ஆகிய ஆறு பள்ளி மாவட்டங்கள், சில பெற்றோருடனும் இரண்டு அமைப்புகளுடனும் சேர்ந்து, பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கும் முறையை எதிர்த்து மாநில அரசின் மீதே வழக்குத் தொடுத்தன. எங்கள் மாவட்டம் அந்த வழக்கில் இல்லை. ஆயினும் இன்று எங்கள் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கும் ஒவ்வொரு டாலரும் அவர்கள் வாங்கித் தந்த தீர்ப்பிலிருந்து வந்தது. வழக்கே நடத்த முடியாது என்று முதலில் தள்ளுபடி செய்யப்பட்டதை, 2017 இல் மாநில உச்ச நீதிமன்றம் மாற்றியது. அதற்குப் பிறகும் விசாரணை தொடங்க நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த விசாரணையில்தான், பாந்தர் வேலியின் மழலை வகுப்புக் குழந்தைகள் எழுபத்தைந்து பேர் ஒரே கழிவறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது என்ற சாட்சியம் பதிவானது. தச்சு வேலைக்குப் போகிறவருக்கு உயிரியல் எதற்கு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் கேட்டதும் அங்கேதான். அந்தக் கேள்வியைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எங்கள் ஊர்களில் பலரைக் கிளம்ப வைத்தது அந்தக் கேள்விதான் என்று சொன்னால் மிகையாகாது. 2023 பிப்ரவரி 7 அன்று நீதிபதி ரெனே கோன் ஜூபெலிரர் 786 பக்கத் தீர்ப்பில், கல்வி இந்த மாநிலத்தில் ஓர் அடிப்படை உரிமை என்றும், நடைமுறையில் உள்ள நிதி முறை அரசியலமைப்புக்கு எதிரானது என்றும் எழுதினார். அதுவரை காத்திருந்த அந்த மாவட்டங்களின் கண்காணிப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், கல்விச் சட்ட மையம், பொதுநலச் சட்ட மையம் ஆகியவற்றின் வழக்கறிஞர்களுக்கும் எங்கள் தலை தாழ்ந்த வணக்கம்.

தீர்ப்பு வந்துவிட்டால் பணம் வந்துவிடாது என்பதை அடுத்த பதினேழு மாதங்கள் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தன. 2024 ஜனவரியில் சட்டமன்றத்தின் கல்வி நிதி ஆணையம், போதிய நிதிக்கும் இன்று இருக்கும் நிதிக்கும் இடையிலான பள்ளம் 540 கோடி டாலர் என்று கணக்கிட்டுச் சொன்ன பிறகும், அதை யார் நிரப்புவது, எத்தனை ஆண்டுகளில் நிரப்புவது என்ற வாக்குவாதம் ஓயவில்லை. அந்த மாதங்களில்தான் எங்கள் பள்ளி வாரியம் தீர்மானம் இயற்றியது, கண்காணிப்பாளர் சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு நடந்தார், பெற்றோராகிய நாங்களும் அவருடன் நடந்தோம். போன இடமெல்லாம் எங்களுக்குக் கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: பள்ளிக்குக் கூடுதல் பணம் என்றால் கூடுதல் வரி, கூடுதல் வரி என்றால் ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். அந்தப் பதிலைக் கேட்டு நாங்கள் வாயடைத்து நின்றிருக்கிறோம், ஏனெனில் அதில் பாதி உண்மை இருந்தது.

இந்த இடத்தில்தான், எங்கள் தெருக்கோடியில் தனியாக வசிக்கும் மூதாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர். அவருடைய பேரக் குழந்தைகள் யாரும் இந்த மாநிலத்தில் இல்லை. பள்ளி வாரியக் கூட்டங்களில் வரி உயர்வு பேசப்படும் போதெல்லாம் எழுந்து நின்று, இதற்கு மேல் என்னால் முடியாது என்று தெளிவாகச் சொல்பவர். அதனால் எங்கள் துண்டறிக்கையை அவர் வீட்டுக் கதவில் வைக்க எங்களில் பலர் தயங்கினார்கள். மார்ச் மாதத்தில் ஒரு மாலை அவரே எங்கள் வீட்டு அழைப்பு மணியை அடித்தார். கையில் ஒரு பழைய காலணிப் பெட்டி இருந்தது. அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பள்ளிச் சொத்து வரி ரசீதுகள், ஆண்டு வரிசையில், ரப்பர் பட்டை போட்டு அடுக்கி இருந்தன. நம் மாநிலத்தில் பள்ளி வரியை முதல் இரண்டு மாதங்களுக்குள் கட்டினால் இரண்டு சதவீதம் தள்ளுபடி உண்டு என்பது வீடு வைத்திருப்போர் அறிந்ததே. அவர் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தள்ளுபடிக் காலம் முடிவதற்குள் கட்டியிருந்தார். ஒவ்வொரு ரசீதின் ஓரத்திலும் கட்டிய தேதியையும், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பென்சிலால் குறித்திருந்தார்: கணவரின் கூடுதல் நேர ஊதியம், சேமிப்புக் கணக்கு, ஓரிடத்தில் தையல் இயந்திரத்தை விற்றது.

“பள்ளிக்குப் பணம் தர மறுப்பதற்கு என்னைப் போன்றவர்களைத்தானே காரணமாகக் காட்டுகிறார்கள், நான் என்ன கட்டினேன் என்பதை அவர்கள் பார்க்கட்டும்” என்றார். வரிசை கலையக் கூடாது, தன் பெயர் எங்கும் வரக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை. அன்றிரவு உணவு மேசையில் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து நகலெடுத்து, பெயரையும் முகவரியையும் மறைத்து, அதே வரிசையில் திருப்பி வைத்தோம்.

நாங்கள் எத்தனையோ வரைபடங்கள் மூலம் விளக்க முயன்ற ஒன்றை அந்த ரசீதுகள் தாமாகவே விளக்கின. பென்சில்வேனியாவில் பள்ளிச் செலவில் மாநில அரசு ஏற்கும் பங்கு நாற்பது சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி உள்ளூர் சொத்து வரியிலிருந்துதான் வர வேண்டும். ஆலைகளும் பெரிய வணிக வளாகங்களும் இல்லாத, வீட்டு விலை குறைந்த ஊரில் வரி விகிதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் வசூலாகும் தொகை சிறிதுதான். சில மைல் தொலைவில் உள்ள செல்வச் செழிப்பான ஊர், நம்மைவிடக் குறைந்த விகிதத்தில் வரி போட்டு, ஒரு மாணவருக்கு நம்மைவிட அதிகம் செலவிடுகிறது. ஆக, மூதாட்டியின் வரி ஏறியதற்கும் எங்கள் குழந்தைகளின் வகுப்பில் ஆள் குறைந்ததற்கும் காரணம் ஒன்றே. அவரையும் எங்களையும் எதிரெதிரே நிறுத்திப் பேசியவர்களின் முன்னால் அந்த நகல்களை வைத்தபோது, அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த, சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் உதவியாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, பென்சில் குறிப்புகளைப் படித்தார். தையல் இயந்திரம் பற்றிய வரியில் அவர் சற்று நேரம் நின்றார். அந்த ஓர் அறையில் நடந்தது எந்த வாக்கை மாற்றியது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். முதியோரைக் காட்டி எங்களை அனுப்பிவிடும் அந்தப் பதிலை அதன் பிறகு அந்த அலுவலகத்தில் நாங்கள் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அம்மா, தமிழில் எழுதப்படும் இந்த வரிகளை நீங்கள் படிக்கப் போவதில்லை என்றாலும், நேரில் சொல்ல முயன்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதால், இங்கே எழுதி வைக்கிறேன்: எங்களுக்கு எந்தக் கடனும் படாத நீங்கள், உங்கள் வாழ்நாள் கணக்கையே நம்பி எங்கள் கையில் கொடுத்தீர்கள்.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்து நன்றி கூறுவதைப் பொறுத்தருள வேண்டும். விடுப்பு எடுத்து எங்களுடன் பேருந்தில் வந்த ஆசிரியர்கள், விடியற்காலையில் புளிசாதப் பொட்டலம் கட்டிக் கொடுத்த குடும்பங்கள், துண்டறிக்கையை வங்காளத்திலும் ஸ்பானியத்திலும் எழுதித் தந்த பெற்றோர், மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் பயப்படாமல் ஒலிவாங்கியைப் பிடித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் நன்றி. வார இறுதித் தமிழ்ப் பள்ளி வழியாக அறிமுகமான நண்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களில் பெரும்பாலோர் வசதியான பள்ளி மாவட்டங்களில் இருக்கிறீர்கள். இந்தப் புதிய ஒதுக்கீட்டால் உங்கள் பள்ளிகளுக்குப் பெரிய ஆதாயம் ஏதுமில்லை. அப்படியிருந்தும் உங்கள் தொகுதி உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்து, எங்கள் குழந்தைகளுக்காகப் பேசினீர்கள்.

கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போதிய நிதி இல்லாத மாவட்டங்களுக்கென்று புதிய கணக்கீட்டின்படி ஏறத்தாழ 52 கோடி டாலர் 2024-25 ஆம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. மாநிலத்தின் 500 மாவட்டங்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை அதனால் பயன்பெறும். இணையவழி சார்ட்டர் பள்ளிகளுக்கு (பொதுப் பணத்தில், மாவட்டத்துக்கு வெளியே தனியாக நடத்தப்படும் பள்ளிகள்) மாவட்டங்கள் கட்டும் கட்டணத்தில் 10 கோடி டாலரை ஈடுசெய்யவும் அந்த வரவுசெலவுத் திட்டத்தில் அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் 2024 ஜூன் மாதம் மாநிலப் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறிய, பள்ளத்தை ஏழு ஆண்டுகளில் நிரப்பும் திட்டம் சட்டமாகவில்லை. வந்திருப்பது முதல் தவணை. அடுத்த தவணைகள் வரும் என்பதற்கு எழுத்தில் எந்த உறுதியும் இல்லை. இந்த மழலை வகுப்பில் சேரும் குழந்தை நடுநிலைப் பள்ளிக்குப் போகும் வரையிலாவது ஆண்டுதோறும் யாராவது ஹாரிஸ்பர்க் போய் நிற்க வேண்டும். என் மகள் இன்னும் சில ஆண்டுகளில் படித்து முடித்துப் போய்விடுவாள். அதற்குப் பிறகும், எந்தப் பிள்ளையும் பள்ளியில் இல்லாத அந்த மூதாட்டி வந்தாற்போல, நானும் போவேன் என்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறுகிறேன்.

அடுத்த பிப்ரவரியில் ஆளுநர் தம் வரவுசெலவு உரையை வாசிப்பார். அதற்கு முன்பே பேருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். இடம் பிடித்து வைத்திருப்போம்.

நன்றியுடன்,
பெற்றோர் குழுவுக்காக, பென்சில்வேனியாவின் டெலவேர் கவுண்டியிலிருந்து ஒரு தாய்