புஃபோனின் 974 வேறு, ஸோஃபின் 1,142 வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இத்தாலி கோல்கீப்பர் ஜான்லுயிஜி புஃபோன் பற்றி வந்த கட்டுரையில் இரண்டு தவறுகள்.

முந்தைய இத்தாலி கோல்கீப்பர் டினோ ஸோஃபின் 1,142 நிமிடச் சாதனையைப் புஃபோன் முறியடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை அவர் தொடவே இல்லை. 1,142 என்பது இத்தாலி தேசிய அணிக்காக ஆடியபோது ஸோஃப் கோல் வாங்காமல் இருந்த நேரம். 1972 செப்டம்பரில் தொடங்கிய அந்தக் கணக்கை 1974 உலகக் கோப்பையில் ஹெய்ட்டியின் இம்மானுவேல் சனோன் முடித்துவைத்தார். புஃபோன் கோல் வாங்காமல் இருந்த 974 நிமிடங்கள், யுவென்டஸ் கிளப்புக்காக சீரி ஏ எனும் இத்தாலியின் முதல்நிலை லீக்கில் வந்தவை. லீக்கில் ஸோஃபின் கணக்கு 903. அதை 1993-94 பருவத்திலேயே மிலான் கோல்கீப்பர் செபஸ்தியானோ ரோஸி 929க்கு உயர்த்திவிட்டார். ஆக, 2016இல் புஃபோன் தாண்டியது ரோஸியைத்தான்.

974 எப்படி வந்தது என்பதையும் போட்டிருக்கலாம். 2016 ஜனவரி 10 அன்று சாம்ப்டோரியா அணியின் கஸானோ 64ஆவது நிமிடத்தில் புஃபோனுக்கு எதிராக கோல் அடித்தார். அந்த ஆட்டத்தில் மீதி 26 நிமிடம். அடுத்த பத்து லீக் ஆட்டங்களில் அவர் கோலே வாங்கவில்லை, அது 900. மார்ச் 20 அன்று அதே டூரின் நகரத்து டொரினோ அணியுடன் நடந்த ஆட்டத்தில் பெலோட்டியின் பெனால்டி 48ஆவது நிமிடத்தில் உள்ளே போனது. கூட்டினால் 974. ஒவ்வொரு பாதியின் முடிவிலும் நடுவர் சேர்க்கும் நேரம் இதில் வராது. வேறு போட்டிகளும் வராது. அதே பிப்ரவரி-மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் பேயர்ன் மியூனிக் இரண்டு ஆட்டங்களில் இதே புஃபோனுக்கு ஆறு கோல் போட்டது. லீக் கணக்குக்கு ஒரு சேதமும் இல்லை! தடுப்பாட்டக்காரர்கள் பர்சாலியும் பொனூச்சியும் முன்னால் நின்று பந்தையே வரவிடாத ஆட்டம்கூட இதில் முழு 90 நிமிடமாகத்தான் ஏறும். எனவே இந்த எண்ணில் பாதியை யுவென்டஸ் தடுப்பு வரிசைக்கு எழுதிவைப்பதே நியாயம்.

இரண்டாவது தவறு, 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சின் த்ரெசெகேவின் பெனால்டியைப் புஃபோன் தடுத்தார் என்பது. அந்தப் பந்து கிராஸ்பாரில் பட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. பெனால்டி ஷூட்-அவுட்டில் புஃபோன் எதையும் தடுக்கவில்லை. பிரான்சின் மற்ற பெனால்டிகள் எல்லாம் கோல்தான். அவர் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றியது அதற்கு முன்பே, கூடுதல் நேரத்தின் 104ஆவது நிமிடத்தில். வலது பக்கத்திலிருந்து வந்த பந்தை பிரான்சின் ஜிடேன் கிட்டத்திலிருந்து தலையால் முட்ட, அதைக் கிராஸ்பாருக்கு மேலே தட்டிவிட்டார். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த உலகக் கோப்பையில் ஏழு ஆட்டங்களில் அவர் வாங்கியது இரண்டே கோல். ஒன்று, அமெரிக்காவுடன் ஆடியபோது சக இத்தாலி வீரர் சக்கார்தோ தன் அணிக்கே போட்ட ஓன் கோல். மற்றொன்று ஜிடேனின் பெனால்டி. ஓடுகிற ஆட்டத்தில் எதிரணியின் காலோ தலையோ பட்டு ஒன்றும் உள்ளே போகவில்லை. புஃபோனுக்குப் பெரிய எழுத்தில் ஓர் எண் போடத்தான் வேண்டும் என்றால் 974ஐவிட இந்த இரண்டையே நான் போடுவேன்.

இணையப் பதிப்பில் அந்த 1,142 வரியையாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்