பிடிக்காமல் போன பத்துப் படங்களோடு கடைக்கு வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "சின்ன கேமரா போதவில்லை, டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் எந்தக் கேமராவையும் எடுத்துக் காட்டுவதில்லை. (டி.எஸ்.எல்.ஆர். என்பது உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய பெரிய கேமரா.) உங்களுக்குப் பிடிக்காமல் போன பத்துப் படங்களைக் காட்டச் சொல்கிறோம். சட்டம் போட்டு மாட்டிய படங்கள் வேண்டாம். அழிக்க நினைத்து, மனம் வராமல் விட்டுவைத்தவை வேண்டும். சிலர் இதை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது என்றுதான் இந்த மடல்.

ஒரு தாய் தம் மகளின் ஓட்டப்பந்தயப் படங்களைக் கொண்டுவந்திருந்தார். முடிவுக்கோடு தெரிந்தது, அறுந்து விழும் நாடா தெரிந்தது, மகளின் முதுகு மட்டுமே தெரிந்தது. ஒரு படத்தில் அதுவும் இல்லை, வெறும் புழுதி. "என் கைதான் மெதுவோ" என்று அவர் தம்மையே நொந்துகொண்டார். கையில் ஒரு குறையும் இல்லை. காம்பாக்ட் எனப்படும் சின்ன கேமராக்களில் பல, பொத்தானை அழுத்திய பிறகுதான் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே படம் கூர்மையாகிறது என்று தேடத் தொடங்கும். அந்தத் தேடல் முடிவதற்குள் குழந்தை கோட்டைத் தாண்டிவிடும். டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியில் ஒரு பங்கு, அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பதை அது தேடாமலே அளந்துவிடுகிறது. அந்தத் தாய்க்கு டி.எஸ்.எல்.ஆர். உண்மையிலேயே தேவைப்பட்டது, தயங்காமல் கொடுத்தோம்.

இன்னொரு வகைப் படங்கள், மாலை நேரத்தில் வீட்டுக்குள் எடுத்தவை. பெரிதாக்கிப் பார்த்தால் பாட்டியின் முகத்தில் சுருக்கங்களே இருக்காது. மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருக்கும். சாதாரண காம்பாக்ட் கேமராவில் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் உடையது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர்களில் இருப்பது சுமார் 23 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் கொண்டது. பரப்பளவில் ஏறத்தாழ 12 மடங்கு பெரியது. சின்ன சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி குறைவு; அதனால் படத்தில் புள்ளிகள் தெறிக்கும். அவற்றைத் துடைக்கப்போய் கேமராவின் மென்பொருள் சுருக்கங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இது தீராது.

ஆனால் ஒரு விஷயம். டி.எஸ்.எல்.ஆரோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ், ஜூமை முழுதாக நீட்டினால் எஃப்/5.6 அளவுக்கு மேல் திறக்காது. (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் திறப்பு பெரிதாகும்.) 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். வீட்டுக்குள் எடுப்பதுதான் உங்கள் குறை என்றால், ஒரு படி குறைந்த கேமராவையும் இந்த ஒரு லென்ஸையும் சேர்த்து வாங்குங்கள். விலை கூடிய கேமராவையும் கிட் லென்ஸையும் வாங்கிப்போனவர்களைவிட, இப்படி வாங்கியவர்களே மகிழ்ச்சியோடு திரும்பி வருகிறார்கள். நிக்கான் வாங்குகிறவர்கள் கவனிக்க: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸைப் பொருத்தினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

தூரத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையைக் காட்டி, "இன்னும் கிட்டத்தில் வேண்டும்" என்று கேட்பவர்களிடம்தான் எங்களுக்குச் சங்கடம். 30 மடங்கு ஜூம் உள்ள காம்பாக்ட் வைத்திருப்பவர் கிட் லென்ஸோடு ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கினால், பறவை இப்போது இருப்பதைவிடச் சிறிதாகத்தான் தெரியும். 18-55 என்பது 3 மடங்கு ஜூம், அவ்வளவுதான். 300 மி.மீ. லென்ஸ் போட்டாலும் அந்த எட்டத்தைப் பிடிக்க முடியாது. படம் தெளிவாக வரும், உண்மை. அதற்காக ஒரு கனமான லென்ஸைத் தோளில் சுமந்து திரிய நீங்கள் தயாரா என்று கேட்போம். தயார் இல்லையென்றால் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். அப்படி அனுப்பியும் இருக்கிறோம்.

வாங்கியவர்களுக்கு முதல் வாரம்தான் கடினமானது. "பழைய கேமராவே தேவலை" என்று அந்த வாரத்தில் எத்தனை பேர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள்! குடும்பமாக நிற்கும் படத்தில் அப்பாவின் கண் ஊசிமுனைபோலத் தெளிவாக இருக்கும்; பின்வரிசையில் நிற்கும் சித்தி மங்கிப்போயிருப்பார். கேமரா கெட்டுப்போகவில்லை. சின்ன சென்சாரில் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாமே ஓரளவு தெளிவாக விழுந்துவிடும். பெரிய சென்சாரில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் திறப்பை, அகலத் திறந்தால் தெளிவு ஒரு மெல்லிய தகட்டளவுக்குச் சுருங்கிவிடும். நீங்கள் ஆசைப்பட்ட அந்த மங்கலான பின்னணி வருவதும் இதனால்தான். ஒரு முகம் மட்டும் வேண்டும் என்றால் எஃப்/1.8 அல்லது எஃப்/2. இரண்டு மூன்று வரிசையாக ஆட்கள் நின்றால் எஃப்/8. தொடக்கத்தில் இந்த இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கேமராவின் மேல் சக்கரத்தை ஏ அல்லது ஏவி என்ற எழுத்துக்குத் திருப்பிவிட்டால் அபெர்ச்சரை நீங்கள் தேர்வு செய்யலாம். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்பதை, கேமரா பார்த்துக்கொள்ளும்.

காம்பாக்டில் பழகிய கை, கேமராவை நீட்டிப் பிடித்துப் பின்திரையைப் பார்த்தே எடுக்க வரும். பல டி.எஸ்.எல்.ஆர்களில் திரையைப் பார்த்து எடுக்கும்போது அந்தத் தனி ஃபோகஸ் சென்சார் வேலை செய்வதில்லை. கேமரா மறுபடியும் தேடத் தொடங்கிவிடும். எனவே திரைக்கு மேலே இருக்கும் சிறு சாளரமான வியூஃபைண்டரில் கண்ணை வையுங்கள். உள்ளே எல்லாம் மங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு திருகு இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும் வரை அதைத் திருப்புங்கள். அது உங்கள் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வதற்கானது. "லென்ஸ் பழுது" என்று எங்களிடம் திரும்பி வந்த கேமராக்களில் சிலவற்றை நாங்கள் இந்தத் திருகைத் திருப்பியே சரிசெய்திருக்கிறோம்.

மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 2018-ல் கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் கேமராக்களுக்கென (உள்ளே கண்ணாடி இல்லாதவை, லென்ஸ் மாற்றக்கூடியவை) புதிய லென்ஸ் மவுண்டுகளை, அதாவது லென்ஸ் பொருந்தும் வாய்களை, கொண்டுவந்தன. அதன்பின் அந்த நிறுவனங்களின் கவனம் அந்தப் பக்கமே போய்விட்டது, டி.எஸ்.எல்.ஆரில் புதிய மாடல்கள் மிக அரிது. அதனால் நல்ல டி.எஸ்.எல்.ஆர்கள் பழைய கேமராக்கள் விற்கும் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு என்பதே எங்கள் எண்ணம். 1987 முதல் வந்த கேனான் இ.எஃப். லென்ஸ்களை, நாளை நீங்கள் மிரர்லெஸுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம். பழையது வாங்கும்போது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள். உங்கள் லென்ஸ்களுக்கும் அது வராமலிருக்க, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். லென்ஸ் மாற்றும்போது கேமராவின் வாய் தரையைப் பார்க்கட்டும், தூசி உள்ளே போகாது.

பழைய காம்பாக்டை விற்றுவிடாதீர்கள். சட்டைப் பையில் போகும் கேமரா இன்னும் பல நாட்கள் உங்களுக்குத் தேவைப்படும்.

வாங்கிய இரண்டு வாரம் கழித்து, மெமரி கார்டில் எதையும் அழிக்காமல் ஒருமுறை கடைக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் கேமரா கடையினர்