பிரிஜுக்குள் வைத்த ரியூலிப் கிழங்கு

கிளிநொச்சி
ஐப்பசி

அன்பு மகள்,

சித்திரையில் வீடியோவில் நீ காட்டிய ரியூலிப் சட்டி இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இலை நல்ல பச்சை, பூ மட்டும் இலைக்குள்ளேயே கடதாசி மாதிரிக் காய்ந்து கிடந்தது. "எனக்குக் கைராசி இல்லையப்பா" என்றாய். கைராசியில் ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. ரொறன்ரோவில் இப்போது புதுக் கிழங்கு கடையில் இருக்கும், அதனால் உடனே எழுதுகிறேன்.

ரியூலிப் பூ நீ நட்ட பிறகு உண்டாவதில்லை. கிழங்கைக் கிண்டியெடுத்துக் காயவைத்திருக்கும் கோடையிலேயே உள்ளே பூ உருவாகிவிடும். வாங்கும் கிழங்கில் ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார். வெங்காயம் போன்ற வெள்ளைச் செதில்களுக்கு நடுவில், அடித்தட்டோடு ஒட்டினபடி, இதழும் மகரந்தப் பையும் பிரிந்து தெரிகிற குட்டி மொட்டு ஒன்று இருக்கும். ஒரு கிழங்கு போனாலும் பரவாயில்லை, கட்டாயம் பார்.

அந்த மொட்டை மேலே தூக்கும் தண்டு நீளுவதற்குத்தான் குளிர் வேண்டும். 12 முதல் 16 கிழமை, 4 பாகையிலிருந்து 9 பாகைக்குள். நீ பிரிஜுக்குள் வைத்தது 5 கிழமைதான். குறைந்தால் தண்டு குட்டையாக நின்றுவிடும், மிஞ்சினால் நெடுத்துச் சாயும். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் பெரிய வெங்காய விதைக்கும் இதையேதான் சொன்னோம், எங்கள் வெக்கையில் தாய்க் குமிழைக் குளிரறையில் வைத்தெடுத்து நட்டால்தான் பூந்தண்டு ஒழுங்காக வரும்.

இன்னொன்று, அன்றைக்கு நீ பிரிஜைத் திறந்தபோது கிழங்குப் பைக்குப் பக்கத்தில் அப்பிள் பையும் இருந்ததைக் கண்டேன். பழுக்கிற பழம் எதிலீன் வாயு விடும், அது உள்ளே இருக்கிற மொட்டைக் கருக்கிவிடும். வெளியே கிழங்கு கல்லுப் போல நல்லாய்த்தான் இருக்கும், பூ எப்போதோ செத்திருக்கும். உன் பூவைக் கெடுத்ததில் அந்த அப்பிளுக்கும் பங்கிருக்கும் என்றே நினைக்கிறேன். பழத்தை வேறு எங்காவது வை. கிழங்கைக் கடதாசிப் பையில் போட்டு மரக்கறித் தட்டில் வை, ஐஸ் கட்டும் இடத்தில் வேண்டாம். பல்கனியிலும் சட்டியை விடாதே, உங்கள் பனிக்குச் சட்டி மண் முழுதும் உறைந்துவிடும். நட்ட பிறகும் நேரே ஹீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காமல், முளை எழும்பும் வரை குளிர்ச்சியான மூலையில் விடு.

இங்கே இரணைமடுப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. வேலியோரக் கார்த்திகைப்பூக் கிழங்குக்கு நேர்மாறான வழக்கம், கோடை முழுக்கச் சுடுமண்ணுக்குள் சும்மா கிடந்துவிட்டு முதல் மழைக்கு முளைக்கும். நேற்று மண்ணை விலக்கினேன், கலப்பை மாதிரிக் கிழங்கின் நுனியில் விரல் நகமளவு வெள்ளை முளை. அந்த நுனி முறிந்தால் அது முளைக்காது, அதனால் மெதுவாக மூடிவிட்டேன்.

பையில் வைத்த திகதியைப் பெரிதாக எழுது. ஒக்டோபர் நடுவில் வைத்தால் தைப்பொங்கலுக்குப் பிறகு எடுக்கலாம். அம்மா சிவப்பு நிறமாகப் பார்த்து வாங்கச் சொன்னா.

அப்பா