நாலரை மணி நேரம் என்பது பாதிக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாளையொட்டி நாளிதழ்களிலும் மருத்துவமனைப் பலகைகளிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘பக்கவாதம் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள் சிகிச்சை’. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த வரி பொதுவாகப் பொருந்தும். எல்லாச் சிகிச்சைக்கும் அதுவே கெடு என்று மக்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆறாவது மணி நேரத்தில் இருப்பவரையும், காலையில் எழும்போதே ஒரு பக்கம் விழுந்துபோனவரையும் ‘இனி என்ன இருக்கிறது’ என்று வீட்டிலேயே கிடத்திவிடுகிறார்கள். சில இடங்களில் மருத்துவர்களே அப்படிச் சொல்லி அனுப்புவதும் நடக்கிறது.

மூளையின் பெரிய ரத்தக்குழாயை அடைத்த கட்டியை, கதீட்டர் என்ற நீண்ட மெல்லிய குழாயைச் செலுத்தி வெளியே இழுத்தெடுக்கும் த்ராம்பெக்டமி சிகிச்சை 2015இல் நிலைபெற்றது. நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த ‘எம்.ஆர். கிளீன்’ ஆய்வில், மூன்று மாதம் கழித்துப் பிறர் துணையின்றி வாழும் நிலைக்கு வந்தவர்கள் இந்தச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 33 பேர். பெறாதோரில் 19 பேர். அதே ஆண்டில் வெளிவந்த மேலும் நான்கு ஆய்வுகளும் இதையே சொன்னன. 2018இல் வந்த ‘டான்’ ஆய்வு, 6 மணி முதல் 24 மணி நேரம் வரை கடந்தவர்களை எடுத்துக்கொண்டது. அங்கே நூற்றுக்கு 49 பேருக்கு 13 பேர் என்று வித்தியாசம் இன்னும் கூடுதலாகவே இருந்தது. காரணம், அந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தது கடிகாரம் மட்டும் அல்ல, ஸ்கேனும்தான்.

தலைமதகு அடைபட்டாலும் பக்கத்து வாய்க்காலிலிருந்து கசிந்து வரும் நீரில் சில வயல்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கடைமடை முதலில் காய்ந்துவிடும். மூளையிலும் அப்படித்தான். அடைப்புக்கு நேர் கீழே உள்ள பகுதி சீக்கிரம் செத்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி, செயல் இழந்திருந்தாலும் மாற்றுக் கிளைக்குழாய்களின் தயவில் உயிரோடு கிடக்கிறது. மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேனில், ரத்தம் படத்தில் பளிச்சென்று தெரிய உதவும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, அதே பகுதிகளை ஏறக்குறைய ஒரு நிமிடம் அடுத்தடுத்துப் படம் எடுக்கிறோம். ரத்த ஓட்டம் இயல்பில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடத்தை இறந்த பகுதி என்றும், மருந்து 6 விநாடிக்கு மேல் தாமதித்து வரும் இடத்தை ஆபத்தில் உள்ள பகுதி என்றும் மென்பொருள் கணக்கிடுகிறது. இறந்தது 20 மில்லி, ஆபத்தில் இருப்பது மொத்தம் 100 மில்லி என்றால், காப்பாற்ற 80 மில்லி மூளை இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ‘24 மணி நேரம் இருக்கிறதே’ என்று யாரும் பொறுத்திருக்கக் கூடாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன. கிளைக்குழாய்கள் நன்றாக உள்ளவருக்குத்தான் இருபதாவது மணியிலும் மிச்சம் இருக்கும். இல்லாதவருக்கு இரண்டு மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். யார் எந்த ரகம் என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் கவலை முதல் ஸ்கேன் பற்றியது. பல மையங்களில் கான்ட்ராஸ்ட் இல்லாத சாதா சி.டி. மட்டும் எடுத்து, ‘ஸ்கேன் நார்மல்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சாதா சி.டி.யின் முதல் வேலை ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. ரத்த அடைப்பால் வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் அது பல சமயம் நார்மலாகவே தெரியும். அடைபட்ட குழாயைக் காட்டுவது சி.டி. ஆஞ்சியோகிராம்; நெஞ்சிலுள்ள பெருந்தமனி வளைவு தொடங்கி உச்சந்தலை வரை. அதே மேசையில் நோயாளியை நகர்த்தாமல் எடுத்தால் ஐந்து நிமிடம்கூடக் கூடுதலாக ஆகாது. எடுக்காமல் விட்டால், அடுத்த ஊரில் மறுபடி வரிசை, மறுபடி ஸ்கேன், இரண்டு மணி நேரம் போயிற்று.

ஆஞ்சியோகிராம் எடுக்க முனைந்தும் தோற்பது பெரும்பாலும் ஒரு சிறிய காரணத்தால்: புறங்கையில் போட்ட நீல நிற 22 கேஜ் வென்ஃப்ளான் என்ற சிறிய ஊசிக்குழாய். 60 முதல் 80 மில்லி கான்ட்ராஸ்ட் மருந்தை விநாடிக்கு 4 அல்லது 5 மில்லி வேகத்தில் செலுத்த அது தாங்காது. ரத்தநாளம் உடைந்து மருந்து தசைக்குள் இறங்கிவிடும். முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில், அதைவிடத் தடித்த பச்சை நிற 18 கேஜ் போட வேண்டும். 108 வண்டியிலேயே இதைப் போட்டுவிட்டால் பத்து நிமிடம் மிச்சம். சிறுநீரக நோய் இருந்ததாகத் தெரியாதவருக்கு கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்டியைக் கரைக்கும் ஊசி போடுமுன் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை சர்க்கரை அளவு ஒன்றுதான். சர்க்கரை இறங்கினாலும் பக்கவாதம் போலவே கை கால் விழும்.

பெர்ஃப்யூஷன் மென்பொருள் இல்லாத ஊர்களும் மனம் தளர வேண்டாம். சாதா சி.டி.யில் மூளையின் பத்துப் பகுதிகளைப் பார்த்து, கறுத்துப்போன ஒவ்வொன்றுக்கும் பத்திலிருந்து ஒரு மதிப்பெண் கழிக்கும் ‘ஆஸ்பெக்ட்ஸ்’ கணக்கு உண்டு. 6க்குக் கீழே இருந்தால் கைவிடுவதே முன்பு வழக்கம். 2022இல் ஜப்பானிய ஆய்வு 3 முதல் 5 வரை உள்ளவர்களைச் சேர்த்தது. துணையின்றி நடக்கும் அளவுக்கோ அதைவிட நன்றாகவோ தேறியவர்கள் த்ராம்பெக்டமி பெற்றோரில் 31 சதவீதம், பெறாதோரில் 12.7 சதவீதம்.

நாலரை மணிக்குள் வந்தவருக்கு, பெரிய குழாய் அடைப்பு என்று தெரிந்தாலும், தடையேதும் இல்லையென்றால் கரைக்கும் ஊசியை முதல் மருத்துவமனையிலேயே போட்டு அனுப்ப வேண்டும். ஆல்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், பத்தில் ஒரு பங்கை உடனே போட்டு, மீதியை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். டெனெக்டிபிளேஸ் ஒரே ஊசியில் முடிவதால் ஆம்புலன்ஸ் பயணத்துக்கு அதுவே வசதி.

த்ராம்பெக்டமி நடக்கும் கேத் லேப் என்ற கதீட்டர் சிகிச்சைக் கூடத்தில் தொடையிலோ மணிக்கட்டிலோ துளையிட்டு, கழுத்துத் தமனி வரை தடித்த கதீட்டரைக் கொண்டுபோகிறார்கள். அதனுள்ளே மெல்லிய மைக்ரோகதீட்டர் கட்டியைக் கடந்து போகும். கட்டிக்குக் குறுக்கே வலைபோன்ற ஸ்டென்ட் ரெட்ரீவரை விரித்து, வலைக்குள் கட்டி பதிய மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்து, உறிஞ்சிக்கொண்டே மெதுவாக இழுக்கிறார்கள். வேகமாக இழுத்தால் கட்டி துண்டாகி வேறு கிளைக்குள் போய்விடும். உள்ளே செலுத்தும் கம்பி ரத்தக்குழாயைத் துளைத்து ரத்தம் கசிவதும் உண்டு. நம் மக்களிடம் அதிகம் காணும் இன்னொரு சிக்கல், மூளைக்குழாயிலேயே உள்ள கொழுப்புப் படிவுச் சுருக்கம். கட்டியை எடுத்த சில நிமிடங்களில் அங்கேயே புதிது உறைந்துவிடும். பலூனோ ஸ்டென்ட்டோ வைக்க நேரும். குழாய் திறந்தபின் ரத்த அழுத்தத்தைத் தடாலடியாக இறக்குவதும் பிழை. சீனாவில் நடந்த ஆய்வில் மேல் அழுத்தம் 120க்குக் கீழே இறக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள்.

கண்ணில் படும் எல்லா அடைப்பையும் இழுக்கலாம் என்பதும் தவறு. 2025இல் வெளிவந்த ‘டிஸ்டல்’, ‘எஸ்கேப் மீவோ’ ஆய்வுகளில் நடுத்தர, சிறிய கிளைகளில் இந்தச் சிகிச்சையால் பலன் கிட்டவில்லை. அப்படிப்பட்ட அடைப்புக்கு லட்சங்கள் செலவாகும் இந்தச் சிகிச்சையைச் சொன்னால், குடும்பத்தினர் காரணம் கேட்பது நியாயமே.

இனி வெளியிடும் விழிப்புணர்வுச் செய்திகளில் சில விவரங்களையும் சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கணக்கு தொடங்குவது நோயாளியைக் கீழே கிடக்கக் கண்ட நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து. அதைக் காகிதத்தில் குறித்துக் கொண்டுவர வேண்டும். வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆஸ்பிரினும் பி.பி. மாத்திரையும் தாமாகக் கொடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த அட்டை கையில் இருக்க வேண்டும். ஸ்கேன் அறையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘கழுத்து, தலை ஆஞ்சியோகிராமும் சேர்த்து எடுத்தீர்களா?’ வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது ஃபிலிமைக் கைப்பேசியில் பிடித்த படம் போதாது. முழுப் படத் தொகுப்பும் குறுவட்டிலோ இணைய இணைப்பிலோ நோயாளிக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்தால், அவர் வந்து இறங்கும்போது கேத் லேப் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
பக்கவாத சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்கள் சிலர்