வில்லங்கம் பார்க்காமல் வம்சம் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப மரம் வரைவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரைக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல இன்று அமெரிக்காவிலேயே சம்பந்தம் செய்திருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் வம்சாவளி எழுதி வரச் சொல்லும்போது, அப்பாரு (அப்பாவின் அப்பா) வழிக்குக் கூட்டம் என்ற குலப்பிரிவும், குலத்துக்குரிய காணிக் கோயிலும் கை கொடுக்கும். அப்புச்சி (அம்மாவின் அப்பா) வழி அமெரிக்கக் குடும்பம் என்றால்? வெப்சைட்டில் பெயரைப் போட்டால் 1700 வரை மரம் வந்துவிடும் என்கிறது கட்டுரை. வரும்தான். ஆனால் அதில் பெரும்பகுதி ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதியது. வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் யாரும் தோட்டம் வாங்குவதில்லை; வம்சத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

இன்றைய கிரயப் பத்திரத்திலிருந்து மூலப்பத்திரத்துக்குப் பின்னோக்கிப் போவது போலத்தான் இதிலும் போக வேண்டும். உயிரோடிருப்பவரிடம் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் ‘இன்னார் மகன் இன்னார்’ என்று சொல்லும் ஒரு காகிதமாவது கிடைத்த பிறகே அடுத்த படி. அமெரிக்க சென்சஸ் தாள்கள் 72 வருடம் கழித்துத்தான் வெளியே வரும். 1950-க்கு உரியவை 2022-ல் வந்தன. அங்கிருந்து பத்துப் பத்து வருடமாகக் கீழே இறங்கலாம். ஃபேமிலிசர்ச் வெப்சைட்டில் காசு கொடுக்காமலே பார்க்க முடியும். 1890 தாள்கள் 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தாலும், மிஞ்சியதை அரசே பிறகு அழித்ததாலும் ஏறக்குறைய முழுதும் போய்விட்டன. அதனால் 1880-க்கும் 1900-க்கும் நடுவே 20 வருட ஓட்டை. 1882-ல் பிறந்த பெண் 1900-க்குள் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போயிருந்தால், பிறந்த வீட்டுப் பட்டியலில் அவள் பெயரே இருக்காது.

சென்சஸ் தாளில் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்ற கட்டம் 1880-லிருந்துதான் உண்டு. வீட்டிலிருந்த எல்லார் பெயரும் 1850-லிருந்து. அதுவும் அடிமையல்லாதவர்களுக்கு மட்டும். 1790 முதல் 1840 வரை தலைவர் பெயர் ஒன்றுதான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அடிமையாக இருந்த கறுப்பினக் குடும்பமானால் 1870-க்கு முன்னே சுவர் நிற்கும். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடையவன் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டுமே குறித்திருக்கும். அந்த உடையவனின் உயில், சொத்துப் பட்டியல், கிரயப் பத்திரம் ஆகியவற்றைப் புரட்டித்தான் பெயர் தேட வேண்டும்.

அரசுப் பதிவு இல்லாத காலத்துக்குக் குடும்ப பைபிள் பெரிய சொத்து. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுத வெற்றுத் தாள்கள் இருக்கும். ஆனால் அந்தத் தாளைப் படிக்கும் முன் முகப்பைத் திருப்பி, அச்சான வருடத்தைப் பாருங்கள். பைபிள் 1816-ல் அச்சாகியிருக்க, முதல் பிறப்பு 1779 என்றிருந்தால், அது நினைவிலிருந்தோ வேறொன்றைப் பார்த்தோ பிறகு எழுதியது. எட்டுப் பிள்ளைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தால் ஒரே மூச்சில் எழுதியது. மை மாறி, கை நடுங்கி, ஓரத்தில் இடுக்கி எழுதியிருந்தால்தான் அவ்வப்போது பதிந்தது. அதற்கே மதிப்பு அதிகம். ஆகவே போட்டோ அனுப்பச் சொல்லும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்காதீர்கள், முகப்பையும் சேர்த்துக் கேளுங்கள். பைபிள் வீட்டில் இல்லையென்றாலும் வழி உண்டு. அமெரிக்கச் சுதந்திரப் போர் வீரர்களின் விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்க பைபிள் தாளையே கிழித்து பென்ஷன் மனுவோடு இணைத்தார்கள். அந்தக் கட்டுகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தேதியில் வழுக்காதவர் குறைவு. ‘தாது வருஷம்’ என்றால் 1816-ஆ, 1876-ஆ, 1936-ஆ என்று நாம் திகைப்பது போல அங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1752 வரை புது வருடம் பிறந்தது மார்ச் 25-ல். அந்த வருடம் செப்டம்பர் 2-க்கு மறுநாளே 14 என்று வைத்து 11 நாளைத் தள்ளினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. கல்லறையில் ‘1798 அக்டோபர் 3-ல் மறைவு, வயது 61 வருடம் 7 மாதம் 20 நாள்’ என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். கழித்தால் 1737 பிப்ரவரி 11 வரும். சர்ச் பதிவில் 1736 என்றோ, 11 நாள் முந்தி ஜனவரி 31 என்றோ இருக்கலாம். ஆள் ஒருவரே. இது தெரியாமல் இரண்டு பிள்ளைகளாக எழுதிய மரங்கள் ஏராளம். குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைப் பதிவில் அந்தக் காலத்து ‘முதல் மாதம்’ மார்ச், ஜனவரி அல்ல.

பெயரிலும் நம்மூர்க் குழப்பம்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் பழனிச்சாமி மகன் குப்புசாமி, குப்புசாமி மகன் பழனிச்சாமி என்று மாறி மாறி வருமே, அப்படி. அங்கே ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பது பழைய பதிவுகளில் அப்பன் மகனைத்தான் குறிக்கும் என்றில்லை. ஒரே ஊரில் அதே பெயரில் வயதில் மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்தால் ஜூனியர் சீனியராகிவிடுவார்! உயிலில் ‘என் மனைவி’ என்றிருப்பவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய் என்று எழுதிவிடக் கூடாது. பிரசவத்தில் முதல் மனைவியை இழந்து மறுமணம் செய்தவர்கள் அன்று அதிகம்.

தேடியும் பெயர் அகப்படவில்லையென்றால் எழுத்தைச் சந்தேகியுங்கள். இரட்டை ‘எஸ்’ வரும் இடத்தில் முதல் எழுத்தை அன்று ‘எஃப்’ போல நீட்டி எழுதினார்கள். ‘ராஸ்’ (Ross) என்பவர் இன்டெக்ஸில் ‘ராஃப்ஸ்’ (Rofs) ஆகக் கிடப்பார். அந்த எழுத்தையும் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்