டாக்காவிலிருந்து ஒரு தந்தி

ஆசிரியருக்கு,

வங்கதேச விடுதலையைப் பற்றிப் பேசும்போது ஆர்ச்சர் பிளட்டின் பெயர் அடிபடுவதே இல்லை. எனக்கு இது பெரிய குறை. 1971-ல் டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவராக இருந்தவர் அவர். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய படுகொலைகளை வாஷிங்டனுக்கு விடாமல் எழுதினார். அங்கே அசைவே இல்லை. சரி, கடமை முடிந்தது என்று அவர் ஒதுங்கவில்லை. சொந்த அரசின் மௌனத்தையே கண்டித்து, அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்ட தந்தியைத் தன் ஆதரவோடு ஏப்ரல் 6-ல் அனுப்பினார். அமெரிக்க அதிபர் நிக்சனுக்கும் அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சருக்கும் கடும் கோபம். டாக்காவிலிருந்து மாற்றப்பட்டார். அப்புறம் 2004-ல் இறக்கும்வரை தூதர் பதவி அவருக்கு வாய்க்கவே இல்லை. அவரைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர்