அல்சூர் மாடியில் குட்டிக் கார்கள் ஓடக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடி அறையில், பலகையில் வெட்டிய காடி என்னும் ஒடுங்கிய பள்ளத்தைப் பிடித்து ஓடும் குட்டி மின் கார்களுக்கான, நான்கு தடங்கள் கொண்ட ஸ்லாட் கார் பாதை ஓடத் தொடங்கிவிட்டது. முதல் பந்தயத்தன்று கைதட்டல் எல்லாம் கார் ஓட்டியவர்களுக்கே போனது. அந்தப் பாதையை உருவாக்கித் தந்தவர்களில் பலரால் அன்று பட்டறையையும் கடையையும் விட்டு வர முடியவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சொல்லவே இந்த மடல்.

ஸ்ரீராமபுரத்து ஆசாரி அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். 1957-இல் இங்கிலாந்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த விளையாட்டு இது என்று நாங்கள் விளக்க முற்பட்டபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: காடி எவ்வளவு அகலம்? 3 மில்லிமீட்டர். காரின் முன்னடியில் உள்ள சிறு நாக்கு அந்தக் காடிக்குள் இறங்கி வழி காட்டும். காடியின் இருபுறமும் ஒட்டிய செப்பு நாடாவை நாக்கின் இருபக்கச் செப்புப் பின்னல்கள் உரசி, 12 வோல்ட் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுபோகும். காரைத் திருப்பும் வேலை காடியுடையது. ஓட்டுபவர் கையில் இருப்பது வேகம் மட்டுமே. ஆகவே காடி பிசகினால் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை.

அண்ணன் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து ஆணியடித்து, அதை ஒட்டியே, மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டர் கருவியை ஓட்டினார். நேர்ப்பகுதி எங்கே முடிகிறது, வளைவு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட அளவுகோல். எங்கள் கண்ணுக்குக் குறையே தெரியாத ஒரு வளைவை அவராகவே அறுத்தெடுத்துப் புதுப் பலகை வைத்தார். அதற்குக் கூலி கேட்கவில்லை, கொடுத்தும் வாங்கவில்லை. இன்று கார்கள் மிக வேகமாக, மிக அமைதியாகக் கடப்பது அந்த வளைவைத்தான். அண்ணே, அதை நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடன் வேறு வகை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைவிசையான கண்ட்ரோலரை விட்டதும் கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறதே என்று அவரிடம் போனோம். விசையை விட்ட நொடியில் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணையட்டும், சுழலும் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைப் பிடித்து இழுக்கும் என்றார். அதற்காகத் தடத்துக்குத் தடம் மூன்றாவது கம்பி இழுத்துக் கொடுத்தார். பாதையின் கோடியில் மின்னழுத்தம் குறைந்து கார்கள் சோர்வதையும் அவரே கண்டுபிடித்தார். பலகைக்கு அடியில் தடித்த கம்பி ஓட்டி, பல இடங்களில் செப்பு நாடாவோடு பற்றவைத்த பிறகு நான்கு மூலையிலும் ஒரே வேகம். இதைக் கற்றுத் தந்ததற்கு நன்றி சொன்னால், உங்கள் வீட்டு மிக்ஸி பழுதானாலும் கொண்டுவாருங்கள் என்கிறார்!

பிளாஸ்டிக் பாதைகளில் இரும்புக் கலப்புள்ள தண்டவாளம் இருப்பதால், காருக்கு அடியில் காந்தம் வைத்து வளைவில் ஒட்டவைக்கலாம். செம்பைக் காந்தம் இழுக்காது. இங்கே டயரும் எடையும்தான் துணை. என்னைக் கேட்டால் உண்மையான ஓட்டம் இதுவே. பீன்யாவில் கடைசல் பிடிக்கும் தம்பி, சக்கரங்களை அச்சில் ஆட்டமின்றிப் பொருத்தி, டயர்களை வட்டம் கெடாமல் தேய்த்துக் கொடுத்திராவிட்டால் ஒரு காரும் வளைவில் நின்றிருக்காது.

மண்பாண்டக்காரர்கள் வாழும் பாட்டரி டவுன் பெரியவருக்குத் தனி வணக்கம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை 32-இல் ஒரு பங்கு அளவில் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 77 மில்லிமீட்டர் என்ற கணக்கை மட்டுமே கொடுத்தோம். அந்த உருண்ட முகப்பையும் புடைத்த மட்கார்டுகளையும் நினைவிலிருந்தே வடித்து, பிளாஸ்டர் அச்சாகத் தந்தார். அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் படியவைத்துக் கூடு எடுத்தோம். உயரமான கார் கவிழாமலிருக்க மேல்பகுதி இலேசாக இருக்க வேண்டும். அந்தக் கூடு இறகாக இருக்கிறது.

சுற்று எண்ணும் அகச்சிவப்பு சென்சார்களைக் கடனுக்குக் கொடுத்த எஸ்.பி. ரோடு கடைக்கார அண்ணன், இரைச்சலைப் பொறுத்து மாடியையே விட்டுக்கொடுத்த வீட்டுக்கார அக்கா, இருவருக்கும் நன்றி.

வளைவுகளில் நின்ற தெருப் பிள்ளைகளே, காடியை விட்டுத் தெறித்த காரைப் பாய்ந்தெடுத்து அதே தடத்தில் வைக்கும் மார்ஷல் வேலை எளிதல்ல. யாருடைய கார் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் கைகொடுத்தீர்கள். அடுத்த பந்தயத்தில் நீங்கள் ஓட்டுங்கள், நாங்கள் வளைவில் நிற்கிறோம். உள்தடம் வெளித்தடம் என்ற வேறுபாடு இல்லாமல், ஒவ்வொருவரும் நான்கு தடங்களிலும் மாறி மாறி ஓட்டுவதுதான் முறை.

ஞாயிறு மாலைகளில் மாடிக் கதவு திறந்திருக்கும். மேலே பெயர் சொல்லாமல் குறிப்பிட்ட எல்லோரும் குடும்பத்தோடு வாருங்கள். அம்பாசடரை முதலில் ஓட்டும் உரிமை பெரியவருக்கு.

நன்றியுடன்,
அல்சூர் மாடி அறை நண்பர்கள் சார்பில்